டேப்புக்குள் போன இழை

ராசிபுரத்தில் யாராவது என்னிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், பாய்மரப் படகுக்கு ஒயர் கட்டினேன் என்று சொல்வேன். கேட்டவர் முதலில் சிரிப்பார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "கடலூர் பக்கமுங்களா?" என்பார். மேட்டூரில் என்றால் இன்னும் குழப்பம். சேலத்தில் பஸ் மாறினால் போய்விடக்கூடிய ஊரில், அணைத் தண்ணீரில் பாய் விரித்துப் படகோட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது என்பதை எங்கள் ஜனம் லேசில் நம்பாது. லாரிக்குப் பாடி கட்டினேன், போர் போடும் ரிக் வண்டியில் ஆந்திரா போனேன் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வியே வந்திருக்காது.

அந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் கோமதி போன் செய்தாள். ஆட்டையாம்பட்டிப் பெண், அங்கே படிக்க வந்தவள், இப்போது அவள்தான் தலைமைப் பயிற்சியாளர்.

"அண்ணா, புதுப் படகு ரெண்டு வந்திருக்குதுங்க. ஒயரே இல்லீங்க. மாஸ்டைப் பிடிக்கிறது பூரா நூல் கயிறு. பசங்க ஏறவே பயப்படறாங்க."

"கயிறு தாங்கும், பயப்பட வேண்டாம்னு சொல்லு" என்றேன். அந்தப் புது நூல் எஃகைவிட பலமானது, துருப் பிடிக்காது என்று படித்திருக்கிறேன். நெசவுக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு நூல் ஜெயித்ததில் ஒரு சந்தோஷமும் உண்டு.

"அதில்லீங்கண்ணா. நீங்க ஒயர் கட்டுன காலத்துல நடந்தத எழுதிக் குடுங்க. அந்த இடது ஒயர் விஷயத்த மறக்காம எழுதுங்க. பசங்க படிக்கோணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் எத்தனையோ நல்ல காரியம் செய்திருக்கிறேன். என் மானம் போன நாள்தான் அவளுக்கு வேண்டுமாம். சரி, எழுதுகிறேன்.

படகு என்றதும் பரிசலை நினைக்க வேண்டாம். கட்டுமரம் என்ற நம்முடைய சொல் வெளிநாட்டுக்குப் போய், அங்கே 'கேட்டமரன்' ஆகி, இரண்டு உடம்பு எடுத்துத் திரும்பி வந்திருக்கிறது. ஒல்லியான இரண்டு மிதவைகள். அவற்றை இணைக்கும் அலுமினியக் குழாய்கள். நடுவில் கட்டிலுக்கு நாடா இழுப்பதுபோல் இழுத்துக் கட்டிய வலைத்துணி. ஆட்கள் உட்காருவது அந்தத் துணியில்தான். முன்குழாயின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். பாயைத் தாங்கும் கம்பமான மாஸ்ட், நாலு ஆள் உயரத்துக்கு மேலானது, அந்தக் குமிழின்மேல் சும்மா நிற்கிறது. போல்ட் கிடையாது, வெல்டிங் கிடையாது. முன்னால் ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மூன்று ஒயர்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் நிற்கிறது. ஒவ்வொரு ஒயரும் பத்தொன்பது எஃகு இழைகளை முறுக்கியது, பென்சில் தடிமன்கூட இராது.

இவை போக மாஸ்டின் மேலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு ஒயர் தொங்கும். காற்று அழுத்திப் படகு ஒரு பக்கம் சாயும்போது, படகிலிருப்பவர் இடுப்புப் பட்டையின் கொக்கியை அதில் மாட்டி, விளிம்பில் காலை ஊன்றி, தண்ணீருக்கு மேலே உடம்பை நீட்டித் தொங்குவார். அந்த எடைதான் படகைச் சமன் செய்யும். அதைத் தொங்கு ஒயர் என்போம்.

நான் ராசிபுரத்தில் பதினான்கு வருஷம் விசைத்தறி ஃபிட்டர். முதலாளி தறிகளை விற்றுவிட்டு ஜவுளிக்கடை வைத்தார். அவருக்கு அது நல்லதாகத்தான் முடிந்தது. எனக்கு வேலை போனது. மேட்டூரில் வெல்டராக இருந்த என் மச்சான்தான் அந்தப் படகுப் பள்ளிக்கு ஷெட் போட்டுக் கொடுத்தவர். அவர் சொல்லிப் போனேன். படகுக்கு வேண்டிய வேலையை ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். கையில் பழக்கம் இருந்தது. பெயர்கள் மட்டும்தான் புதிது.

அங்கே என் மேலதிகாரி கலைவாணி மேடம். புதுச்சத்திரத்துக்காரர். வீட்டில் மரவள்ளியும் சோளமும் போடுகிற குடும்பம். கல்லூரியில் கடற்படைப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து பாய்மரம் பழகியவர். வயதில் என்னைவிடப் பதினொன்று சின்னவர். முதல் நாள் அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது என்பதை மறைக்கவில்லை. குரலை உயர்த்த மாட்டார். படிக்க வரும் பிள்ளைகளுக்கெல்லாம் "சாமி", எங்களுக்கெல்லாம் "அண்ணா", யாரிடம் பேசினாலும் ஒரு 'ங்க'.

காலைச் சோதனை அவர் வைத்த முறை. படகைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஒயரின் நுனியையும் விரலால் தொட்டு, தொட்டதை உரக்கச் சொல்ல வேண்டும். "முன் ஒயர். பின் இருக்குது. ரிங் இருக்குது." பின் என்பது ஒயரைப் படகோடு கோக்கும் ஆணி. அது கழன்று வராமல் அதன் துளையில் சிறிய ரிங் ஒன்று. நான் இதைச் செய்யும்போது மேடம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அணையைப் பார்த்து நிற்பார். காது மட்டும் என் பக்கம். ஒரு நாள் ஏதோ யோசனையில் அடுக்கிக்கொண்டே போனேன். திரும்பாமலே கேட்டார்.

"ஏனுங்கண்ணா, அது வாய் சொன்னதுங்களா, கை சொன்னதுங்களா?"

மறுபடி முதலிலிருந்து தொட்டேன்.

வாரம் ஒரு நாள் மாஸ்டைப் படுக்க வைத்துப் பஞ்சுச் சோதனை. லாரிப் பட்டறையில் கை துடைக்கிற வேஸ்ட் பஞ்சு இருக்கிறதே, அதை ஒரு பிடி எடுத்து ஒயரைச் சுற்றிப் பிடித்து, கீழிருந்து மேலே மெதுவாக இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் சிக்கி நிற்கும். மாஸ்ட் நேராக நிற்கிறதா என்பதற்குத் தனி அளவு. தொங்கு ஒயரின் கைப்பிடியை இழுத்து இடது மிதவையின் நுனியில் வைத்துப் பார்ப்போம். பிறகு வலது மிதவையின் நுனியில். இரண்டு நுனியையும் ஒரே மாதிரி தொட்டால் மாஸ்ட் நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். அதே கைப்பிடியைப் பின்பக்கம் கொண்டுபோய் எங்கே தொடுகிறது என்று பார்த்தால் மாஸ்ட் எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது தெரியும். ஆடிக் காற்றுக்குக் கூடுதலாகச் சாய்ப்போம், மாசியில் நிமிர்த்துவோம். பக்க ஒயர்களின் கீழே துளைத் துளையாக ஒரு பட்டை உண்டு. பின்னை எந்தத் துளையில் போடுகிறோமோ அதைப் பொறுத்து ஒயர் இறுகும் அல்லது தளரும்.

இந்தத் துளையில்தான் என் முதல் சறுக்கல். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தளர்ந்தால் துணி கெட்டது. எல்லா இழையும் ஒரே சீராக விறைப்பாக நிற்க வேண்டும். அந்தப் புத்தியில் ஒரு படகின் இரண்டு பக்க ஒயரையும் கடைசித் துளை வரை இழுத்துப் பின்னைப் போட்டேன். விரலால் சுண்டினால் கிண்ணென்று சத்தம் வந்தது. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் சுண்டிப் பார்த்தார்.

"நல்லாப் பாடுதுங்க. இப்ப மாஸ்டைக் கையில திருப்புங்க பாப்போம்."

திருப்பினேன். அசையவில்லை. பாய் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மாஸ்டும் குமிழின்மேல் கொஞ்சம் திரும்பிக் கொடுக்க வேண்டும். நான் அதைக் கட்டிப் போட்டிருந்தேன்.

"இது தறி இல்லீங்கண்ணா. காத்து வர்ற பக்கத்து ஒயர் மட்டும் வேலை செய்யும். மறுபக்கத்து ஒயர் அதுவரைக்கும் சும்மா ஆடிட்டு இருக்கோணும். படகு திரும்பும்போது இது ஓய்வு எடுக்கும், அது வேலைக்கு வரும்."

எனக்குக் கோபம் வந்தது. பதினான்கு வருஷ ஃபிட்டருக்குத் தளர்வாகக் கட்டச் சொல்லிப் பாடம். ஆனால் அன்று மதியம் கரையில் நின்று பார்த்தேன். படகு காற்றில் பறக்கிறது. காற்றுப் பக்கத்து ஒயர் கம்பியாக நிற்கிறது. மறுபக்கத்து ஒயர் துணி காயப்போடும் கொடிபோல் ஆடிக்கொண்டிருக்கிறது. மாஸ்ட் அதுபாட்டுக்கு நிற்கிறது. அதற்குப் பிறகு அதில் நான் தப்பு செய்யவில்லை.

நான் செய்த பெரிய தப்பு வேறு. அது ஆறாவது வருஷம், வைகாசிக் கடைசியில்.

பஞ்சுச் சோதனையில் ஒன்றாம் நம்பர் படகின் இடது ஒயரில் பஞ்சு சிக்கியது. ஒயரின் கீழ் நுனியை மடக்கி அழுத்தியிருக்கும் செம்புக் குழாய்க்கு நாலு விரல் மேலே, பத்தொன்பதில் ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தது. உடனே இரண்டாம் நம்பரைப் பார்த்தேன். அதிலும் இடது ஒயர், அதே இடம், ஓர் இழை. காரணம் தேட வேண்டியதில்லை. காற்றுள்ள மாலைகளில் இரண்டு படகையும் ஷெட் தூணோடு இடது ஒயரின் அடியில் கயிறு போட்டுக் கட்டி வைத்தது நான்தான். இரவெல்லாம் வெடுக் வெடுக்கென்று இழுத்து இழை சோர்ந்துவிட்டது.

ஒயரில் ஓர் இழை போனாலும் ஒயரையே மாற்ற வேண்டும் என்பது முறை. கையிருப்பில் ஒயர் இல்லை. புதுச் சுருள் வர இரண்டு வாரமாகும். அதுவரை படகுகள் கரையில் நிற்க வேண்டும். ஆடிக் கடைசியில் கோமதிக்கு மாநில அணித் தேர்வு. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மேடம் அவளைத் தினமும் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் பயிற்சி நிற்கும். ஏன் அறுந்தது என்ற கேள்வியும் வரும்.

தறியில் ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஓடும்போது ஓர் இழை அறுந்தால் அதற்காகப் பாவையே தூக்கிப் போட மாட்டோம். அறுந்த நுனியை எடுத்து முடிந்துவிட்டு, தறியை ஓட்டுவோம். இது எனக்கு யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. கைப்பழக்கம். அறுந்த இழையை நகத்தால் அமுக்கி முறுக்குக்குள் தள்ளினேன். மேலே கறுப்பு டேப் சுற்றினேன். ரிங் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ரிங்கின்மேல் டேப் சுற்றுவது வழக்கம்தான். ரிங்கை மட்டும் மூட வேண்டிய டேப்பை நான் ஒயரில் நாலைந்து விரல் மேலே வரை ஏற்றினேன். இரண்டு படகிலும் அப்படியே. ரொம்ப நேர்த்தியாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அடுத்த வாரம் பஞ்சு அந்த டேப்பின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. காலைச் சோதனையில் "இடது ஒயர், பின் இருக்குது, ரிங் இருக்குது" என்றேன். டேப்புக்கு மேலே தொட்டுத்தான் சொன்னேன். மேடம் அணையைப் பார்த்து நின்றார், ஒன்றும் கேட்கவில்லை.

ஆனியில் புதுச் சுருள் வந்தது. அன்றைக்கே மாற்றியிருக்கலாம். நன்றாக இருக்கிற ஒயரை ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்பாரே என்று தள்ளிப்போட்டேன். இன்றைக்கு, நாளைக்கு என்று நாட்கள் ஓடின. இந்தக் கதையில் நான் என்னை மன்னிக்காத இடம் இதுதான். அறியாமல் செய்ததற்குச் சமாதானம் சொல்லலாம். சுருள் ஷெட்டில் இருக்கும்போது சும்மா இருந்ததற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

ஆடி பிறந்து நாலாம் நாள். காவிரியில் தண்ணீர் வந்து அணை நிறைந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்தின் முதல் உண்மையான ஆடிக் காற்று அன்றுதான் அடித்தது. மேடமும் கோமதியும் இரண்டாம் நம்பர் படகில் போனார்கள். எதிர்க்கரைப் பக்கம் ஆரஞ்சு மிதவை ஒன்று போட்டிருந்தோம். அதுவரை போய், அதைச் சுற்றித் திரும்பி வருவது அன்றைய பயிற்சி. போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து. திரும்பி வரும்போது இடப்பக்கத்திலிருந்து.

நான் கரையில் ஒன்றாம் நம்பர் படகின் மாஸ்டை ஆடிக் காற்றுக்குச் சாய்க்க ஆரம்பித்தேன். துளை மாற்ற வேண்டுமானால் டேப்பைப் பிரிக்க வேண்டும். இடது பக்கத்து டேப்பைப் பிரித்தேன். உள்ளே செம்மண் நிறத்தில் பொடி கொட்டியது. ஒன்றாக இருந்த அறுந்த இழை ஐந்தாகியிருந்தது. டேப் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துத் துருவை வளர்த்திருக்கிறது. அதற்குள் ஐந்தும் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன, வெளியே யாருக்கும் தெரியாமல்.

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாம் நம்பர் பாதித் தூரம் போயிருந்தது. வலது ஒயரில் பாரம், இடது ஒயர் ஆடிக்கொண்டிருக்கும். இப்போதைக்கு ஆபத்து இல்லை. மிதவையில் திரும்பியதும் மொத்தப் பாரமும் இடது ஒயருக்கு வரும். ஒயர் போனால் அலுமினிய மாஸ்ட் இரண்டு பேரின் தலைமேல் விழும். இல்லையென்றால் தொங்கு ஒயரில் கொக்கி மாட்டியிருப்பவளை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகும்.

காவல் படகை ஓட்டுகிறவர் மாதையன். பரம்பரையாக அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கும் குடும்பம். எந்நேரமும் மோட்டாருக்குப் பக்கத்திலேயே இருப்பவர். ஓடிப் போய் ஏறி, "மிதவைக்கு" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

அலை ஆள் உயரம் இல்லாவிட்டாலும் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நாங்கள் நெருங்குவதற்குள் அவர்கள் மிதவைக்குப் போய்விடுவார்கள் என்று தெரிந்தது. மாதையன் எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைக்கப் போனார். 'நில்' என்பதற்கு எங்கள் பள்ளியின் சைகை அது. நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"ஏன் முருகேசு?"

"வேண்டாம். நில்லுன்னா படகைக் காத்துக்கு எதிரா திருப்புவாங்க. திருப்புனா போச்சு."

பாய்மரப் படகில் பிரேக் கிடையாது. நிறுத்துவது என்றாலே மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்புவதுதான். திருப்பினால் இடது ஒயருக்கும் அடி விழும். ஆக, நிற்கவும் சொல்ல முடியாது, போகவும் விட முடியாது. பக்கத்தில் போய் வாயால்தான் சொல்ல வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது மேடத்தின் ஒரு பழக்கம். திரும்புவதற்கு முன்னால் எப்போதும் பாயைத் தளர்த்திப் படகை மெதுவாக்குவார். "எந்தக் கை எங்க போகும், சொல்லுங்க சாமி" என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்பார். சொல்லி முடித்த பிறகுதான் திருப்ப விடுவார். அன்றும் பாய் தளர்ந்து படபடத்ததைப் பார்த்தேன். மாதையன் மோட்டாரை முறுக்கினார். கோமதி கையைக் காட்டிக் காட்டிப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது கூப்பிடு தூரத்துக்குப் போய்விட்டோம்.

"மேடம், திருப்பாதீங்க. இடது ஒயர் போயிருச்சுங்க."

மேடம் இடது ஒயரைப் பார்த்தார். தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அடியில் என் கறுப்பு டேப் பளபளவென்று இருந்தது.

"காலைல பாத்தோமுங்களே அண்ணா. நல்லாத்தானே இருந்துச்சு?"

"டேப்புக்குள்ள போயிருச்சுங்க. இழை அறுந்திருந்தது எனக்குத் தெரியும். நாந்தான் டேப் சுத்தி மறைச்சனுங்க."

காற்றில் கேட்க வேண்டும் என்பதற்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். வாழ்க்கையில் ஒரு குற்றத்தை அவ்வளவு சத்தமாக யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். கோமதி என்னையே பார்த்தாள். மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தன இழைங்க?"

"அன்னிக்கு ஒண்ணுங்க. ஒண்ணாம் நம்பர்ல இப்பப் பிரிச்சுப் பாத்தா அஞ்சு."

அவர் மாஸ்டை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். கோமதியிடம் சொன்னார். "சாமி, கொக்கியக் கழட்டுங்க. இடது தொங்கு ஒயரைக் கொண்டுபோயி இடது ஒயரோட தொளைப் பட்டைல கட்டுங்க. கைப்பிடில இருக்கிற கயித்த மூணு சுத்து விட்டு, உங்க எடைய பூரா போட்டு இழுங்க."

தொங்கு ஒயரும் மாஸ்டின் அதே இடத்திலிருந்துதான் இறங்குகிறது. பக்க ஒயர் செய்யும் வேலையை அது கொஞ்ச நேரம் செய்யும். எனக்கு அது தோன்றவே இல்லை. பயத்தில் நான் ஒயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முழுப் படகையும் பார்த்திருக்கிறார்.

கோமதி வலைத்துணியில் மண்டியிட்டுக் கட்டினாள். "கட்டியாச்சுங்க. மூணு சுத்து. இறுக்கமா இருக்குதுங்க" என்று தொட்டுச் சொன்னாள். அந்தக் குரலில் கை பேசியது. அதன் பிறகு மேடம் படகின் மூக்கை மெல்ல, மிக மெல்லக் காற்றுக்கு எதிரே கொண்டுவந்தார். மாதையன் முன்னால் போய்ப் படகின் முன் நுனியைப் பிடித்துக்கொண்டார். பாயை இறக்கும்போது படகு ஒரு அலையில் இடித்தது. டிக் என்று ஒரு சத்தம். இன்னொரு இழை. உடனே இன்னொன்று. மாஸ்ட் வலப்பக்கம் ஒரு சாண் சாய்ந்தது. தொங்கு ஒயர் விறைத்துப் பிடித்தது. மாஸ்ட் நின்றது.

பாய் கீழே வந்தது. இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தோம்.

கரையில் மேடம் கத்தியால் அந்த டேப்பை அறுத்தார். எண்ணினார். மீதி எட்டு இழை. என் பக்கம் திரும்பினார்.

"ஏன் பண்ணுன?"

ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் வந்த ஒரே சொல் அது. என் அப்பா அடித்த அடியெல்லாம் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை. தறியில் இழை எடுப்பதைப் பற்றியும், கோமதியின் தேர்வைப் பற்றியும், சுருள் வந்தும் தள்ளிப்போட்டதைப் பற்றியும், படகைத் தூணில் கட்டியதைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. முழுவதும் கேட்டார்.

"ஒரு இழை போனப்ப நீங்க சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு வாரம் போயிருக்கும். அவ்வளவுதானுங்களே அண்ணா" என்றார். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. அது எனக்கு இன்னும் வலித்தது.

"நாளையிலருந்து நான் வரலீங்க" என்றேன்.

"போறதுன்னா போங்க. அஞ்சு படகு இருக்குது. பக்க ஒயர் பத்து. நீங்க சுத்துன டேப் எதையும் நான் இனி நம்ப முடியாது. பத்தையும் புதுசா கட்டிக் குடுத்துட்டுப் போங்க. சாவிய அப்பக் குடுங்க."

மூன்று நாள் வேலை செய்தேன். ஒயரை அளந்து வெட்டுவது, நுனியை வளைத்துச் செம்புக் குழாய்க்குள் செலுத்துவது, இடுக்கியால் மூன்று இடத்தில் அழுத்துவது, அழுத்திய இடத்தை அளவுகோலால் சரிபார்ப்பது, தூணில் கட்டி இழுத்துப் பார்ப்பது. ஒவ்வொரு ஒயருக்கும் பஞ்சு. ரிங்கின்மேல் டேப் ஒரே சுற்று, அதற்கு மேல் ஒரு நூலளவுகூடப் போகவில்லை. அந்த டேப்பின்மேல் சுற்றியவர் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும் என்று மேடம் புது விதி போட்டார். பத்திலும் என் பெயர். கோமதி சொல்கிறாள், புதுக் கயிற்றுப் படகிலும் அந்த விதி உண்டாம். அது போதும் எனக்கு. ஒயரோ கயிறோ, கெட்டுப் போனதை மூடி வைக்காதவரை மாஸ்ட் நிற்கும்.

நாலாம் நாள் காலை சாவியை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். அவர் வாங்கவில்லை. மிதவை ஜாக்கெட் ஒன்றை நீட்டினார்.

"போட்டுக்கங்க. ரெண்டாம் நம்பர்ல ஏறுங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"ஜாக்கெட்டுக்குத் தெரியுமுங்க."

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆறு வருஷம் அந்தப் படகுகளுக்கு ஒயர் கட்டியவன், அதுவரை அவற்றில் ஒரு நாளும் ஏறிப் போனதில்லை. காவல் படகோடு சரி. யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. என் ஒயர் தாங்கும் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கரையில் நின்றிருக்கிறேன்.

ஏறினேன். வலைத்துணியில் தவழ்ந்து போய் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டேன். சுக்கான் கோமதியிடம். காற்று வலப்பக்கம். தண்ணீர் அடியில் சீறிக்கொண்டு ஓடியது. முதல் ஐந்து நிமிஷம் நான் கண்ணைத் திறந்தேனா என்று எனக்கு நிச்சயமில்லை. மிதவை பக்கத்தில் வந்ததும் பாய் தளர்ந்தது. மேடம் என்னைப் பார்த்தார்.

"திரும்பும்போது உங்க கை எங்க இருக்கோணுமுங்கண்ணா?"

"இடது ஒயர்லீங்க" என்றேன்.

"புடிங்க."

தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த இடது ஒயரைப் பிடித்தேன். கோமதி சுக்கானைத் தள்ளினாள். பாய் தலைக்கு மேலே படீரென்று பக்கம் மாறியது. மேடம் இடது விளிம்பில் காலை ஊன்றி, தொங்கு ஒயரில் கொக்கியை மாட்டி, தண்ணீருக்கு மேலே முழு உடம்பையும் நீட்டினார். என் உள்ளங்கைக்குள் ஒயர் தளர்விலிருந்து மெல்ல மெல்ல இறுகி, கடைசியில் அசையாமல் நின்றது. பாய், காற்று, மாஸ்ட், மேடத்தின் எடை எல்லாம் என் கைக்குள் இருந்தன. நான் கட்டியது தாங்குகிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கரை நெருங்கியது. மேடம் உள்ளே வந்து கொக்கியைக் கழற்றினார். "போதுமுங்களா அண்ணா? எறங்கலாமா?" என்றார்.

"இன்னொரு தடவ மிதவைய சுத்திட்டு வரலாமுங்க" என்றேன்.